துண்டுக்குள் பேசிய சம்பளம்

அன்றைக்குப் பள்ளிக்கூட ஆபீஸ் ரூமில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலாளர் அண்ணாச்சி, எண்ணெய் மில்காரர். பொருளாளர், ஜவுளிக்கடை வைத்திருந்தவர்; கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கமிட்டி மெம்பர் என்ற முறையில் நான். வாத்தியார்கள் சார்பில் கணக்கு வாத்தியார் ஞானராஜ் சார். உள்ளே வரமாட்டேன் என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தமிழ் டீச்சர் செல்வி. ஐந்து பேர்தான். நானும் அங்கே இருந்தேன், நானும் பார்த்தேன் என்று அருப்புக்கோட்டையில் இன்றைக்கு ஐம்பது பேர் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

நான் மிளகாய் வத்தல் மண்டியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பள்ளிக்கூடக் கமிட்டிகளில் உட்காரப்போகிற இளைஞர்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்ல வேறு விஷயங்களும் உண்டு. ஆனால் உங்களுக்கு உபயோகப்படுவது இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தின் பேரும் சங்கத்தின் பேரும் எழுதவில்லை.

1. துண்டு

இப்போது விலையெல்லாம் செல்போனில் பேசுகிறீர்கள். எங்கள் காலத்தில் வத்தல் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். பரளச்சிப் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி, மூட்டையை இறக்குவார். மூட்டையைப் பிரித்து, நாலு வத்தலை எடுத்து, காம்பைக் கிள்ளிப் பார்ப்போம். பிறகு தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே நம் கையை விடுவோம். நூறு கணக்கா, பத்துக் கணக்கா என்பதை மட்டும் வாயால் சொல்வது. மற்றது விரல். ரெண்டு விரலைப் பிடித்தால் ரெண்டு. அஞ்சையும் சேர்த்துப் பிடித்தால் அஞ்சு. பிடிக்காவிட்டால் சம்சாரி கையை உதறுவார், இல்லையென்றால் நம் விரலைத் திருப்பிப் பிடித்துத் தன் விலையைச் சொல்வார். மூன்று தடவை அழுத்தியும் கை அசையாமல் கிடந்தால் சம்மதம் என்று அர்த்தம். துண்டை உருவிவிட்டு "முடிஞ்சது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது.

இதில் ரெண்டு கட்டுப்பாடு. துண்டுக்குள் பேசிய விலையை வெளியே சொல்லக்கூடாது. முடியாததை முடிஞ்சது என்று சொல்லக்கூடாது. இதில் எதை மீறினாலும் அப்புறம் ஒரு பயல் நம் துண்டுக்குள் கையைக் கொடுக்க மாட்டான்.

எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். நான் சுபாவத்திலேயே பயந்தவன். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். துண்டுக்குள் அந்தத் தொந்தரவு இல்லை. துண்டுக்குள் நான் தைரியசாலி.

2. கமிட்டி

எண்பதுகளின் கடைசியில் என்னைப் பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்கூடம் எங்கள் சங்கத்துடையது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்து வைக்கிற மகமைப் பணத்தில் நடந்தது. வாத்தியார்களில் பாதிப்பேருக்கு சர்க்கார் சம்பளம். மற்றவர்கள் மேனேஜ்மெண்ட் போஸ்ட். அவர்களுக்குச் சங்கம்தான் மாதம் முந்நூற்று ஐம்பது ரூபாய் கொடுத்துவந்தது. ஏழு பேர் இருந்தார்கள். ஞானராஜ் சாரும் செல்வி டீச்சரும் அதில் சேர்ந்தவர்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வத்தலும் இல்லை, கொத்தமல்லியும் இல்லை. மகமை குறைந்தது. ஏழு பேருக்கும் நாலு மாதம் சம்பளம் நின்றுபோனது. அதே நாலு மாதத்தில் பள்ளிக்கூட வாசலில் அலங்கார வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்ட் யானை ரெண்டு, நடுவில் சரஸ்வதி, தூணில் கமிட்டி மெம்பர்கள் பேர் வெட்டின கல். அந்தக் கல்லில் என் பேரும் இருந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவன் பேர் பள்ளிக்கூட வாசலில். அதைப் பார்ப்பதற்கென்றே சைக்கிளைச் சுற்று வழியில் விட்டுக்கொண்டு போவேன். நாலு மாதமாகச் சம்பளம் இல்லாதவர்கள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

ஐந்தாவது மாதம் ஏழு பேரும் வகுப்புக்குப் போகாமல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

3. முடிஞ்சது

மரத்தடியில் உட்கார்ந்த மறுவாரம் பேச்சுவார்த்தைக்கு ஞானராஜ் சாரைக் கூப்பிட்டோம். அவர் காரியாபட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கிறிஸ்தவர். சட்டைக் காலர் திருப்பித் தைத்ததாக இருக்கும், ஆனால் கசங்கி இருக்காது. என் மகளுக்குச் சாயங்காலம் ஒரு பைசா வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"சார், நாலு மாசம்னா நாலு மாசத்தையும் மொத்தமாக் கேட்டா எப்படி? மகமை வந்தாத்தான குடுக்க முடியும்" என்றார் செயலாளர்.

"வளைவுக்கு மட்டும் வந்துச்சே அண்ணாச்சி."

"அது கட்டட நிதி. அது வேற பெட்டி."

வாசலில் இருந்து செல்வி டீச்சர் சொன்னார்: "பெட்டி வேறயா இருந்தாலும் சாவி ஒரே இடுப்புலதான தொங்குது."

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "நீங்க பேசி முடிங்க. எத்தனை லோடு முடிச்ச கை. எனக்குப் பொம்பளைககிட்ட வாயடிக்க நேரமில்ல." சொல்லிவிட்டுப் பொருளாளரைக் கூட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். போகிற போக்கில் என் காதில், "தலைக்கு எரநூறு. அதுக்கு மேல ஒரு காசு பேசிறாதீக" என்றார்.

நாலு மாதத்துக்குத் தலைக்கு ஆயிரத்து நானூறு பாக்கி. அதற்கு இருநூறு.

சார் என்னைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் என்றாலே எனக்குப் பழைய பயம். விடை தெரியாமல் போர்டு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. இருநூறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை மட்டும் தானாகப் போய்த் தோளிலிருந்து துண்டை எடுத்தது. மேஜைமேல் இருந்த அவர் கைமேல் போட்டேன். உள்ளே என் கையை விட்டேன்.

"நூறு கணக்கு சார்" என்று மெதுவாகச் சொன்னேன். ரெண்டு விரலைப் பிடித்தேன்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. கையில் சாக்பீஸ் மாவு இருந்தது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரிய மனுஷன், ஏதோ ஆறுதலாகக் கையைப் பிடிக்கிறார் என்று நினைத்தாராம். பிறகு சொன்னார். ஒரு தடவை அழுத்தினேன். ரெண்டாவது தடவை. மூன்றாவது தடவை. கை உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவில்லை. அசையாமல் கிடந்தது.

துண்டை உருவிவிட்டு, மண்டியில் சொல்கிற அதே குரலில், "முடிஞ்சது" என்றேன்.

"என்ன முடிஞ்சது?" என்றார் சார்.

அதற்குள் செயலாளர் ஜன்னலிலிருந்து திரும்பிவிட்டார். "முடிஞ்சிருச்சுல்ல! அப்புறம் என்ன, மணியடிக்கச் சொல்லுங்க."

செல்வி டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. சாரைத்தான் பார்த்தார். "எதுக்கு சார் முடிச்சீங்க?"

"நான் எதையும் முடிக்கலம்மா. இவுக கையைப் பிடிச்சாக."

"அவுக பிடிச்சா நீங்க குடுத்துட்டு உக்காந்திருப்பீங்களா? மறைச்சு வச்சு உங்களுக்கு மட்டும் எவ்வளவு பேசுனாக?"

சார் என் பக்கம் திரும்பினார். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துண்டையே திரும்பப் பிரித்து மடித்தேன்.

4. கையெழுத்து

மரத்தடியில் மற்ற ஆறு பேரும் அவரைத் தள்ளி வைத்தார்கள். அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பக்கம் போவார். தனியாகச் சாய்ந்துவிட்டார், தன் பங்கை முடித்துக்கொண்டார் என்று டவுன் முழுக்கப் பேச்சு. டீக்கடையில் ஒருத்தன், "சாரு, எத்தனை வெரலுக்குச் சாய்ஞ்சீரு?" என்று கேட்க, அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் நானும் போகவில்லை.

வீட்டில் என் சம்சாரம் ராஜம் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "படிச்ச மனுசன் கையை மொளகா மூட்டை மாதிரி அமுக்கிப் பாத்துட்டு வந்திருக்கீக. நம்ம பிள்ளை அவருகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போகும்?"

சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டேன்.

பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் தெருவில் நிற்பதைப் பார்த்துப் பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். முன்னால் நின்றது ராஜத்தின் தம்பி வேலுச்சாமி. சைக்கிள் கடை வைத்திருந்தான். சங்க விதி ஒன்று உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கட்டுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குபேர் கையெழுத்துப் போட்டால், கமிட்டி மெம்பரை நடுவிலேயே இறக்குவதற்குப் பொதுக்கூட்டம் போட்டாக வேண்டும். அதுவரை யாரும் அதை எடுத்ததில்லை. வேலுச்சாமி எடுத்தான்.

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான்.

"அத்தான், ஒளிச்சுச் செய்ய எனக்குத் தெரியாது. செயலாளர், பொருளாளர், நீங்க. மூணு பேரையும் எறக்கணும்னு கையெழுத்து வாங்கப் போறேன்."

"என் பேரை மட்டும் எடுத்துருலே" என்றேன்.

"எடுத்தா எப்படி? உங்க பேரு இருக்கப்போயித்தான் எல்லாவனும் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவான். செயலாளர் பேரு மட்டும்னா நடுங்குவானுக."

ராஜம் அவனுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

வேலுச்சாமி சொன்னது சரியாகத்தான் போனது. கடைகடையாகச் சிரிப்பும் கையெழுத்துமாக வாங்கிவிட்டான். பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஞானராஜ் சார் மண்டிக்கு வந்தார். மூட்டைமேல் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வத்தல் நெடியில் இருமிக்கொண்டே சொன்னார்:

"அண்ணாச்சி, நான் சங்கத்து ஆள் இல்ல, உள்ள வந்து பேச முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஞானராஜுக்கு அந்த விரல் பேச்சு தெரியாது, அவன் எதுக்கும் சம்மதிக்கலன்னு. அவ்வளவுதான். பணத்தைப் பத்திக்கூடப் பேச வேண்டாம்."

"சொல்றேன் சார்" என்றேன்.

"வெளிய நின்னு கேட்டுட்டுப் போயிருவேன்" என்றார்.

5. வலப்பக்கம்

சங்க மண்டபத்தில் ஓட்டுப் போடுகிற வழக்கம் வேறு மாதிரி. பெட்டி, சீட்டு எதுவும் கிடையாது. ஒருத்தரை இறக்க வேண்டும் என்பவர்கள் எழுந்து வலப்பக்கச் சுவரோரம் போய் நிற்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். எல்லார் கண்ணும் பார்க்கத்தான் நடக்கும்.

முதலில் செயலாளர் பேர். வேலுச்சாமியும் ஆட்களும் மளமளவென்று வலப்பக்கம் போனார்கள். ஆனால் கடலைக்கும் எள்ளுக்கும் மில்லையே நம்பியிருந்தவர்கள் கால் எழும்பவில்லை. கையெழுத்துப் போட்டவர்களிலேயே பலர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம்பேர் வித்தியாசத்தில் செயலாளர் தப்பினார். பொருளாளரும் அதே மாதிரித் தப்பினார்.

அடுத்தது நான்.

சங்கத் தலைவர் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க எதுவும் சொல்றீகளா?"

எழுந்து நின்றேன். முன்வரிசையில் முழுக்க மண்டிக்காரர்கள். வலப்பக்கச் சுவரில் ஜன்னல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சார்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதை ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் முன்வரிசையைப் பார்த்ததும் வேறொரு கணக்கு ஓடியது. சார் சம்மதிக்கவில்லை என்று சொன்னால், முடியாததை நான் முடிஞ்சது என்று சொன்னேன் என்று ஆகிவிடும். நாளைக்கு மண்டியில் எவன் எனக்குக் கை கொடுப்பான்?

பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: "எத்தனை வெரலு? அதை மட்டும் சொல்லும்!"

மண்டபம் சிரித்தது. நான் சொன்னேன்: "துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்ற பழக்கம் எனக்கு இல்ல."

முன்வரிசையில் ரெண்டு பேர் தலையாட்டினார்கள். மெச்சிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். ஜன்னலில் கம்பியைப் பிடித்திருந்த கை போய்விட்டது.

தலைவர் என் பேரைச் சொன்னதும் வேலுச்சாமி போனான். என் மண்டியில் எடை போடுகிறவர் போனார். தலையாட்டிய மண்டிக்காரர்கள் ரெண்டு பேரும் போனார்கள். ஒவ்வொருத்தர் போகும்போதும் பெஞ்சு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. கடைசியாகச் செயலாளர் அண்ணாச்சி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து, அவரும் வலப்பக்கம் போய் நின்றார்.

மூன்று பேரை இறக்கப் போட்ட கூட்டத்தில் நான் ஒருத்தன் மட்டும் இறங்கினேன்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் செருப்பு போட்ட இடத்தில் இல்லை. வேண்டுமென்று யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், கூட்டத்தில் மாறியிருக்கும். வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். பஜார் வழியாகத்தான் போக வேண்டும். இறக்கிட்டாங்களே, இறக்கிட்டாங்களே என்று அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுப் படி ஏறுகிறவரை எனக்கு என் அவமானம் மட்டும்தான் தெரிந்தது. ராஜம் கதவைத் திறந்து, "சாரைப் பத்திச் சொன்னீகளா?" என்று கேட்டாள். அப்போதுதான் ஜன்னல் ஞாபகம் வந்தது.

6. பாக்கி

கொஞ்சம்பேர் வித்தியாசத்தில் தப்பித்த பயத்தில் செயலாளர் இறங்கி வந்தார். மரத்தடியில் இருந்த மற்ற ஆறு பேருக்கும் நாலு மாதச் சம்பளத்தையும் ரெண்டு தவணையில் கொடுத்துவிட்டார். வகுப்பு நடந்தது. அந்த வகையில் வேலுச்சாமியின் கையெழுத்து வீண்போகவில்லை.

ஞானராஜ் சாருக்கு மட்டும், "நீருதான முடிச்ச ஆளு, உமக்கு எரநூறுதான்" என்று வவுச்சரை நீட்டினார்களாம். அவர் கையெழுத்துப் போடவில்லை. பரீட்சை முடிகிறவரை பாடம் எடுத்தார். சில பையன்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததாக என் மகள் சொன்னாள். அவர் போர்டைப் பார்த்தே பாடம் நடத்தினாராம். பரீட்சை முடிந்த மறுநாள் வேலையை விட்டுவிட்டார். என் மகள் கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். அதை அவரிடம் போய்ச் சொல்ல அவளுக்கும் வெட்கம்.

ரெண்டு வருஷம் கழித்து, ஆயிரத்து நானூறு ரூபாயை எடுத்துக்கொண்டு காரியாபட்டிக்குப் பஸ் ஏறினேன். வாடகை வீட்டு முன்ரூமில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. பாப்பா என்ன படிக்கிறா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பணத்தை எடுத்து நீட்டினேன்.

"இது சங்கத்துப் பணமா, உங்க பணமா?"

"என் பணம்தான் சார்."

"அப்ப வச்சுக்கோங்க. நீங்க எனக்கு எதுவும் தரவேண்டியதில்ல. எனக்குத் தரவேண்டியது சங்கம். ஞானராஜ் சம்மதிக்கலன்னு ஒத்துக்கிட்டுச் சங்கம் குடுக்கட்டும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்." கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார். மோர் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார்.

தொண்ணூறுகளில் செயலாளர் மாறினார். அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். "ஞானராஜ் சாருக்கு விரல் பேச்சு தெரியாது, அவர் எதுக்கும் சம்மதிக்கல, முடிஞ்சதுன்னு நான்தான் தப்பாச் சொன்னேன்." பாதிப்பேருக்கு ஞானராஜ் யார் என்றே தெரியவில்லை. "இப்ப எதுக்கு அண்ணாச்சி பழைய கதை? பார்ப்போம்" என்றார் புதுச் செயலாளர். பின்னால் யாரோ, "எத்தனை வெரலு?" என்றார்கள். அதே சிரிப்பு. அடுத்த வருஷமும் சொன்னேன். அதற்கு அடுத்த வருஷமும். நான் எழுந்தாலே இப்போது சிலர் டீ குடிக்கப் போகிறார்கள். மண்டியில் நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கை கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

செல்வி டீச்சருக்குப் பிறகு சர்க்கார் போஸ்ட் கிடைத்தது. ரிட்டயர் ஆகிற அன்றைக்கு என்னைப் பார்த்து, "அன்னைக்கு நானும் அவரைக் கேக்காமயே முடிச்சுட்டேன் அண்ணாச்சி" என்றார்.

கமிட்டியில் உட்காரப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளப் பேச்சை நாலு பேர் காதில் விழப் பேசுங்கள். சொல்ல வாய் கூசுகிற தொகை என்றால், அந்தத் தொகைதான் தப்பு. உங்கள் தொழிலில் உள்ள சுருக்குவழி எதிரே இருக்கிறவருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். அவர் கை அசையாமல் கிடப்பது சம்மதத்தினால் இல்லாமலும் இருக்கலாம். முடிந்ததா இல்லையா என்பதை அவர் வாய்தான் சொல்ல வேண்டும்.

வளைவு இன்னும் நிற்கிறது. கல்லில் என் பேரும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ப் பிளாட்பாரத்தில் நடக்கிறேன்.

ஞானராஜ் சாருக்கு எங்கள் சங்கம் இன்னும் தரவேண்டிய பாக்கி: ரூபாய் ஆயிரத்து நானூறு.